கல்லாவுக்கு அந்தப் பக்கம்

ஓட்டல் வேலையைப் பற்றி வாசகர்கள் கேட்கலாம் என்று போன மாதம் ஆசிரியர் இரண்டு வரி போட்டிருந்தார். வந்த கடிதங்களில் பாதி சாம்பார்ப் பொடிக்கு அளவு கேட்கின்றன. அதற்கு இந்த இதழிலேயே வேறு பக்கம் இருக்கிறது. மீதியில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன்.

பதில் சொல்கிறவன் யார் என்று தெரிய வேண்டுமே. 1972-ல் மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு காபி கிளப்பில் டேபிள் துடைக்கச் சேர்ந்தேன். வயது 13. மாதம் 15 ரூபாய், மூன்று வேளை சாப்பாடு, படுக்க விறகு அடுக்கிய கொட்டகை. அப்புறம் சப்ளையர், சரக்கு மாஸ்டர் (சமையல்காரர்), சென்னையில் ஒரு லாட்ஜில் மேனேஜர். இப்போது திருச்சியில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். ஓட்டல், டீக்கடைகளில் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வைக்கக்கூடாது என்ற தடை 2006 அக்டோபரில்தான் வந்தது. நான் சேர்ந்து 34 வருஷம் கழித்து.

சென்னையிலிருந்து ஒரு சைவ ஓட்டல் உரிமையாளர்: நாற்பது பேர் இருந்த இடத்தில் இப்போது இருபத்தாறு பேர். போர்டு வைத்தாலும் உள்ளூர்ப் பையன் வருவதில்லை. வந்தாலும் மூன்றாம் நாள் ஆள் இருப்பதில்லை. இலவச அரிசியும் நூறு நாள் வேலையும் நம் ஆட்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டன என்கிறேன். சரிதானே?

இல்லை முதலாளி. இதே பேச்சை ஓட்டல்காரர்கள் கூடும் எல்லாக் கல்யாணப் பந்தியிலும் கேட்கிறேன். நானும் கொஞ்ச நாள் பேசியவன்தான்.

ரேஷன் அரிசி இலவசமானது 2011 ஜூனில். நான் சென்னையில் மேனேஜராக இருந்தபோது, 2000 வாக்கிலேயே, கிளீனர் வேலைக்கு ஆள் தேடி ஏஜென்ட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்திருக்கிறேன். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் பக்கம் பெரும்பாலும் பெண்கள், அதிலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அந்த ஆத்தாக்கள் வராததாலா உங்கள் தோசைக்கல் காலியாக இருக்கிறது?

இன்னொன்றையும் யோசியுங்கள். நம் ஓட்டல்களில் உள்ளூர்க்காரன் எப்போது வேலை செய்தான்? சென்னையில் சைவ ஓட்டலை வளர்த்தவர்கள் உடுப்பிக்காரர்கள். 1938-ல் உட்லண்ட்ஸைத் தொடங்கிய கே. கிருஷ்ணராவ் அந்தச் சீமையிலிருந்து வந்து, சமையற்கட்டில் எடுபிடியாகத் தொடங்கியவர். அந்தப் பக்கத்துப் பையன்கள் பின்னாலேயே வந்தார்கள். டீக்கடை அடுப்புக்கு மலையாளிகள், கல்யாணச் சமையலுக்குப் பாலக்காட்டார். அப்புறம் நம்முடைய வறண்ட பக்கங்கள்: உசிலம்பட்டி, சிவகங்கை, ராமநாதபுரம். மழை பொய்த்த வருஷம் ஓட்டலில் ஆள் நிறைந்திருக்கும், மழை நன்றாகப் பெய்தால் நாற்று நட ஊருக்குப் போய்விடுவார்கள். என் அப்பா என்னைப் பஸ் ஏற்றி அனுப்பியதும் கிணறு வற்றிய வருஷத்தில்தான். ஊரில் வழியில்லாதவன் வந்து சேரும் இடமாகவே இந்தத் தொழில் இருந்திருக்கிறது. நம் கிராமத்துப் பையனுக்கு இப்போது வேறு வழி இருக்கிறது. ஒடிசா, பீகார், மேற்கு வங்கப் பையனுக்கு இன்னும் இல்லை, அவன் ரயில் ஏறுகிறான்.

நம் பையன் எங்கே போனான்? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், திருப்பூர். கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொள்கிறது. எட்டு மணி நேர ஷிப்ட், ஞாயிறு லீவு, கேண்டீனில் உட்கார்ந்து சாப்பாடு. சம்பளம் உங்கள் சப்ளையரைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

உங்கள் ஓட்டலில் பிரேக் டியூட்டியா? காலை 6 முதல் 11, மாலை 4 முதல் இரவு 11. கணக்கில் 12 மணி நேரம். நடுவில் உள்ள ஐந்து மணி நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. வீட்டுக்குப் போய்வரவும் பஸ் தோதுப்படாது. சாக்கு அடுக்கிய ரூமில் பாயை விரித்துப் புரண்டுகொண்டிருப்பான். அவன் கணக்கில் அது 17 மணி நேரம். இது போதாதென்று கஸ்டமர் முன்னால் "டேய், அஞ்சாம் நம்பர் டேபிளைப் பாருடா" என்று கூப்பிடுகிறோம். பிளஸ் டூ படித்த பையன், அவனோடு படித்தவள் அஞ்சாம் நம்பர் டேபிளில் உட்கார்ந்திருக்கலாம். மூன்றாம் நாள் ஏன் ஆள் இருப்பதில்லை என்று கேட்டீர்களே.

வெளி மாநிலப் பையன்கள் இருக்கிறார்களே என்று நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது. 2023 மார்ச் ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் சுற்றின. போலீஸ் மறுத்தது, அதிகாரிகள் கம்பெனி கம்பெனியாகப் போய்ப் பேசினார்கள். என் மெஸ்ஸில் மூன்று பேர். அவர்களுடைய அம்மாமார்கள் போனில் அழுகிறார்கள். இரண்டு பேர் ஹோலிக்குப் போய் வருகிறோம் என்று கிளம்பினார்கள். ஒருவன் திரும்பினான். ஒன்பது நாள் ராத்திரி டிபன் போட முடியவில்லை. அந்த ஒன்பது நாளில்தான், என் கடை யாரோ ஒருவன் போனில் தட்டிவிடும் வீடியோவை நம்பி நடக்கிறது என்று உறைத்தது.

அதற்கப்புறம் நான் செய்தது இதுதான். பிரேக் டியூட்டியை எடுத்துவிட்டு இரண்டு ஷிப்ட் ஆக்கினேன். பக்கத்துத் தெருவில் ஃபேன், கக்கூஸ், தண்ணீர் உள்ள ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தேன். செவ்வாய் விடுமுறை. செலவு ஏறியது, சாப்பாட்டுக்குப் பத்து ரூபாய் கூட்டினேன், நாலைந்து வாடிக்கைக்காரர்கள் முறைத்தார்கள். ஆனால் இரண்டு வருஷமாக "ஆட்கள் தேவை" போர்டு உள்ளே கிடக்கிறது. அதன் மேல் வெங்காயம் காயப்போடுகிறோம்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு அப்பா: பையன் பிளஸ் டூ முடித்துவிட்டு கேட்டரிங்தான் படிப்பேன் என்று நிற்கிறான். "எச்சில் தட்டுக் கழுவவா படிக்க வைக்கிறாய்" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். என்ன செய்ய?

தட்டும் கழுவத்தான் வேண்டும் ஐயா, அதை மறைக்காதீர்கள். பயிற்சிக் காலத்தில் கிச்சன், சர்வீஸ், ரூம், வரவேற்பு என்று நாலு பக்கமும் சுற்ற விடுவார்கள். மூட்டை வெங்காயம் உரிப்பான், யாரோ படுத்த படுக்கை விரிப்பை மாற்றுவான். அதற்கு முகம் சுளிக்காத பையன் என்றால் தாராளமாக விடுங்கள்.

சென்னை தரமணியில் உள்ள ஒன்றிய அரசின் கேட்டரிங் கல்வி நிறுவனம் 1963-லிருந்து நடக்கிறது. எங்கள் திருச்சிப் பக்கம் துவாக்குடியில் மாநில அரசின் நிறுவனம் இருக்கிறது. மூன்று வருஷப் பட்டத்துக்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பம் என்றால் தாட்கோ அலுவலகத்தில் விசாரியுங்கள், தரமணியில் படிக்க உதவி செய்கிறார்கள்.

தனியார் கல்லூரி என்றால் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். சுவர் முழுக்கக் கப்பல் படம் ஒட்டியிருப்பார்கள். போன வருஷம் முடித்த பிள்ளைகள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டு, நாலு பேர் போன் நம்பர் வாங்குங்கள். முடிந்தால் ஒருவனை, அவன் வேலை செய்யும் ஓட்டலின் பின்வாசலில், ராத்திரி டியூட்டி முடிகிற நேரத்தில் உங்கள் பையனோடு போய்ப் பாருங்கள். அந்த அரை மணி நேரத்தில் தெரிவது எந்தப் புத்தகத்திலும் அச்சடித்திருக்காது.

முதல் சம்பளம் கசக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பையன், பட்டம் வாங்கி நட்சத்திர ஓட்டலில் சேர்ந்தவன், முதல் வருஷம் வாங்கியது என் தோசை மாஸ்டர் வாங்குவதைவிடக் குறைவு. ஏழாம் வருஷம் அவன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையல் பிரிவு முழுவதையும் பார்த்துக்கொள்கிறான். என் மாஸ்டர் அதே கல்லில் நிற்கிறார். அங்கேதான் படிப்பு வேலை செய்கிறது. ஓட்டலை மட்டும் மனதில் வைக்காதீர்கள். ஆஸ்பத்திரி, ஐ.டி. கம்பெனி கேண்டீன், விமானத்துக்குச் சாப்பாடு கட்டும் கிச்சன், கல்லூரி விடுதி என்று சமைத்துப் போடும் இடங்கள் பெருகிவிட்டன. வாரம் ஒரு நாள் லீவு எழுத்தில் இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

சொந்தக்காரர்களுக்கு நான் பதில் சொல்ல முடியாது. பையன் முதல் தீபாவளிக்கு ஊருக்கு வர மாட்டான் என்பதை மட்டும் வீட்டில் அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். ஊரே லீவு போடும் நாளில்தான் எங்களுக்கு வேலை.

பெயர் வேண்டாம், ஓசூர்: ஐந்து வருஷமாக சப்ளையர். தினம் பன்னிரண்டு மணி நேரம். வார லீவு கேட்டால் "அன்றைக்குப் பேட்டா கிடையாது" என்கிறார்கள். அட்வான்ஸ் பாக்கி என்று ஆதார் கார்டை வாங்கி வைத்திருக்கிறார்கள். சட்டம் என்று ஒன்று எங்களுக்கு இருக்கிறதா?

இருக்கிறது தம்பி, உங்களைவிட வயதான சட்டம். உணவு நிறுவனங்களுக்கென்றே தமிழ்நாட்டில் 1958-ல் தனிச் சட்டம் போட்டார்கள். நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வார விடுமுறை எல்லாம் அதில் இருந்தன. நான் அதற்கடுத்த வருஷம் பிறந்தவன். டேபிள் துடைத்த காலத்தில் அப்படி ஒரு சட்டம் இருப்பதே எனக்குத் தெரியாது. கல்லாவுக்கு மேலே பிரேம் போட்டு ஏதோ அச்சடித்த காகிதம் தொங்கியது, சாமி படம் மாதிரி ஊதுபத்தி காட்டுவார்கள்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்தது. வாரம் 48 மணி நேரம் அதிலும் இருக்கிறது. எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. முதலில் அதைக் கேட்டு வாங்கப் பாருங்கள். ஓட்டல் வேலையில் பாதிச் சண்டை "நீ இங்கே வேலையே செய்யவில்லை" என்பதில் முடிந்துபோகும். கடிதம் கிடைக்கவில்லை என்றால் பேட்டா வாங்கும் தேதிகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், ஜிபேயில் பணம் வந்தால் அழிக்காதீர்கள். ஓட்டல் வேலைக்கு அரசு குறைந்தபட்சக் கூலி அறிவித்திருக்கிறது, ஏப்ரல் தோறும் அதில் அகவிலைப்படி மாறும்.

ஆதார் கார்டு விஷயம் அசிங்கம். கடனைக் காட்டி ஒரு ஆளைப் போகவிடாமல் பிடித்து வைப்பது கொத்தடிமை முறை. அதை ஒழிக்க 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் இருக்கும். மனுவை எழுதிக் கொடுத்து, ரசீது வாங்குங்கள்.

ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இருக்கிறதா என்றும் பாருங்கள். 10 பேர் வேலை செய்யும் இடம் என்றால், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு உண்டு. நீங்கள் கட்டுவது 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். 14,000 ரூபாய் சம்பளத்துக்கு உங்கள் பங்கு 105 ரூபாய், அவர் பங்கு 455.

இந்த 455 ரூபாயைப் பற்றி எனக்கு வாய் பேச உரிமை குறைவு. என் மெஸ்ஸில் இரண்டு வருஷம் ஒன்பது பேரோடு ஓட்டினேன். பத்தாவது ஆள் தேவைப்பட்டது. வைத்தால் ஈ.எஸ்.ஐ. கட்ட வேண்டும் என்று வைக்கவில்லை. ஒன்பது பேர் பதினொரு பேர் வேலையைச் செய்தார்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வடைச் சட்டியையும் பார்த்து பார்சலும் கட்டிக்கொண்டிருந்த பையன் எண்ணெயைக் கையில் கொட்டிக்கொண்டான். முழங்கை வரைக்கும். தனியார் ஆஸ்பத்திரியில் நான் கட்டியது ஒன்றேகால் லட்சம். பணம் போனது போகட்டும். கட்டுப் பிரித்த அன்றைக்கு அவன் என்னிடம், "சாரி முதலாளி, சட்டி எண்ணெய் வீணாப்போச்சு" என்றான். அடுத்த வாரம் பத்தாவது ஆளையும் பதினோராவது ஆளையும் சேர்த்தேன், பதிவு செய்தேன். வேலையில் அடிபட்டால் சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஈ.எஸ்.ஐ. செல்லும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

கும்பகோணம் வாசகி: சப்ளையருக்கு டிப்ஸ் வைக்க வேண்டுமா, வேண்டாமா?

வையுங்கள், ஆனால் சில்லறையாகக் கையில். முன்பெல்லாம் பில்லோடு சோம்புத் தட்டு வரும். மீதிச் சில்லறையை அதில் விட்டுவிட்டு நாலு சோம்பை அள்ளிக்கொண்டு போவீர்கள். நான் சப்ளையராக இருந்த காலத்தில் சம்பளம் ஊருக்கு, டிப்ஸ் எனக்கு. சினிமா, சட்டை, முதல் வாட்ச் எல்லாம் அந்தச் சில்லறையில் வந்தவை. இப்போது எல்லோரும் போனைக் காட்டிப் பைசா சுத்தமாகக் கட்டிவிட்டுப் போகிறீர்கள். மீதிச் சில்லறை என்ற ஒன்றே கிடையாது. சப்ளையர் வேலையில் வருமானம் எங்கே குறைந்தது என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் அந்தச் சோம்புத் தட்டைப் பார்க்கலாம். பில்லில் "சர்வீஸ் சார்ஜ்" என்று போட்டிருந்தால் அது தனி, கட்டியே ஆக வேண்டியதில்லை.

தஞ்சாவூரிலிருந்து ஒரு மகளிர் குழு உறுப்பினர்: எங்கள் குழுவில் எட்டுப் பேர் நன்றாகச் சமைப்போம். ஓட்டலில் பெண்களுக்கு மாவாட்டவும் பாத்திரம் கழுவவும்தான் வேலை தருகிறார்கள். ஏன்?

அம்மா, இது எனக்கும் பல வருஷம் தோன்றாத கேள்வி. வீட்டில் கரண்டி முழுக்கப் பெண்கள் கையில். அதே சாம்பாருக்குச் சம்பளம் என்று வந்ததும் கரண்டி ஆண் கைக்குப் போய்விட்டது. "பெரிய அண்டாவைத் தூக்க முடியாது" என்பார்கள். நாங்களும் தனியாகத் தூக்கியதில்லை, இரண்டு பேர் கம்பு கொடுத்துத் தூக்குவோம். உண்மையான காரணம் ராத்திரி டியூட்டி. உடை மாற்ற ஓர் அறை, பூட்டுகிற கக்கூஸ் என்று எதையும் நாங்கள் கட்டவில்லை. ஆண்களென்றால் அடுப்படி மூலையில் பனியனைக் கழற்றி மாட்டிக்கொள்வோம்.

அரசு நடத்தும் அடுப்புகளைப் பாருங்கள், எல்லாம் பெண்கள். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது ஊருக்கு ஊர் சமையலர், உதவியாளர் என்று பெண்களுக்கு வேலை வந்தது. 2013 பிப்ரவரியில் ஒரு ரூபாய் இட்லியோடு தொடங்கிய அம்மா உணவகத்தில் சமைப்பது, கூப்பன் கொடுப்பது எல்லாம் மகளிர் குழுவினர். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிந்த காலை உணவுத் திட்டத்திலும் உங்களைப் போன்ற குழுக்கள்தான். ஆயிரம் இட்லியை ஏழு மணிக்குள் வேகவைத்து இறக்குகிற ஒரு பெண்ணிடம் "உனக்கு ஓட்டல் அனுபவம் இருக்கிறதா" என்று எந்த முதலாளி கேட்டாலும் சிரிப்புதான் வரும்.

நான் இரண்டு பெண்களைத் தோசைக்கல்லில் நிறுத்தியிருக்கிறேன். காலை ஆறு முதல் இரண்டு மணி வரை. முதல் வாரம் சரக்கு மாஸ்டர் என்னோடு பேசவில்லை. இரண்டாம் வாரம், மாவு வீணாவது குறைந்திருப்பதை அவரே சொன்னார். கல்லில் எண்ணெய் ஊற்றும்போது தங்கள் வீட்டு எண்ணெய் மாதிரி ஊற்றுகிறார்கள்!

நீங்கள் எட்டுப் பேர் இருக்கிறீர்கள். ஒருவரிடம் வேலை கேட்பதற்கு முன்னால் பக்கத்தில் கல்லூரி கேண்டீன், அலுவலக கேண்டீன் ஒப்பந்தம் ஏதாவது வருகிறதா பாருங்கள். கல்யாண ஆர்டர் கண்ணைக் கவரும், ஆனால் முகூர்த்தம் இல்லாத மாதத்தில் அடுப்பு தூங்கும். கேண்டீனில் லாபம் குறைவு, மாதம் முழுக்கப் புகை வரும். உணவுப் பாதுகாப்புப் பதிவை மட்டும் முதல் நாளே எடுத்துவிடுங்கள்.

கோவையிலிருந்து ஒரு அண்ணன்: தம்பி ஓட்டல் வேலையை விட்டு உணவு டெலிவரிக்குப் போய்விட்டான். மாதம் கையில் கூடுதலாகத் தெரிகிறது. நல்லதா?

அவன் மட்டும் போகவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது உட்கார்ந்து சாப்பிடக்கூடாது, பார்சல் மட்டும் என்றார்கள். என்னிடம் நாலு சப்ளையர்கள் இருந்தார்கள். யாருக்குப் பரிமாறுவது? இரண்டு பேர் பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்விகி, சொமேட்டோ பையை மாட்டினார்கள். கடை திறந்தபின் கூப்பிட்டேன், வரவில்லை. இப்போது என்னிடம் சப்ளையர் இரண்டு பேர், பார்சல் கட்டுகிறவர் இரண்டு பேர். சாம்பாரைக் கவரில் ஊற்றி ரப்பர் பேண்டைச் சுண்டிவிடுவது ஒரு தனி வேலையாகிவிட்டது, தெரியுமா?

கையில் தெரியும் பணத்தில் பெட்ரோல், டயர், போன் ரீசார்ஜ், மழையில் நனைந்து படுத்த நாள் எல்லாவற்றையும் கழித்து ஒரு மாதம் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாடு ஓட்டலில் இலவசம், இங்கே காசு. ஆனால் அவனுக்கு முதலாளி முகம் பார்க்க வேண்டாம், லீவுக்குக் கெஞ்ச வேண்டாம். அதற்கு அவன் ஒரு விலை கொடுக்கிறான், அது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். இவர்களுக்கென்று 2023 டிசம்பரில் தமிழ்நாட்டில் நலவாரியம் அமைத்திருக்கிறார்கள். அதில் பதிந்திருக்கிறானா என்று கேளுங்கள். நல்ல ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள், அண்ணன் வாங்கித் தந்தது என்றால் போடுவான்.

விருதுநகரிலிருந்து ஒரு பி.இ. பட்டதாரி: பரோட்டா மாஸ்டர் என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறாராமே?

கடை ஓடுகிற இடமாக இருந்தால், ஆமாம். பல கடைகளில் மைதா கிலோ கணக்கில் கூலி. எவ்வளவு மாவு பிசைந்து, வீசி, அடிக்கிறாரோ அவ்வளவு காசு. மதுரையில் இதற்குப் பயிற்சி மையமே நடக்கிறது, பட்டதாரிகளும் போகிறார்கள். மிஷினும் வந்துவிட்டது. ஆனால் அதில் வருவதை எங்கள் பக்கத்து ஆள் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது சப்பாத்திக்குத் தம்பி" என்று தள்ளிவிடுவான். போவதாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். எனக்குத் தெரிந்த மாஸ்டர்களில் நாற்பத்தைந்தைத் தாண்டிக் கல்லில் நின்றவர்கள் இரண்டே பேர். தோள்பட்டை விட்டுவிடும்.

புதுக்கோட்டை வாசகர்: சிங்கப்பூரில் ஓட்டல் குக் வேலை என்று ஏஜென்ட் மூன்றரை லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். வேலை இருப்பது பொய்யில்லை. 2023 செப்டம்பர் 1 முதல் அங்குள்ள இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையல்காரர்களை ஒர்க் பெர்மிட்டில் எடுக்கலாம் என்று சிங்கப்பூர் அரசு வழி திறந்தது. மாதச் சம்பளம் குறைந்தது 2,000 சிங்கப்பூர் வெள்ளி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உங்களிடம் காட்டிய காகிதத்தில் அந்தத் தொகை இருக்கிறதா பாருங்கள்.

நம் அரசிடம் பதிவு செய்த ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான். மூன்றரை லட்சம் கேட்கிறவர் பதிவு செய்தவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட் என்றால் மலேசியா, வளைகுடா நாடுகளுக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். "டூரிஸ்ட் விசாவில் போய்விடு, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று எவன் சொன்னாலும் அந்த டீயைக் குடித்து முடிக்காமலே எழுந்து வந்துவிடுங்கள். எங்கள் சரக்கு மாஸ்டர் ஒருவர் அப்படிப் போய், எட்டு மாதம் ஓர் உணவகத்தின் மாடியை விட்டு இறங்காமல் சமைத்துவிட்டு வந்தார். திரும்பி வந்தவர் முதலில் கேட்டது, "வெளியே ஒரு நடை போய்ட்டு வரவா?"

மன்னார்குடி வாசகர்: ஊருக்கு இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் பிள்ளையை இந்தத் தொழிலுக்கு விட்டீர்களா?

இந்தக் கேள்வியை எடுக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

பையனை விடவில்லை. ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறான். காலேஜ் முடித்ததும், "கல்லாவில் உட்காருடா" என்றேன். "நீங்க என்னிக்காவது எங்கூட ஞாயித்துக்கிழமை சாப்பிட்டிருக்கீங்களாப்பா?" என்றான். நானும் வற்புறுத்தவில்லை. முதலாளிமார்கள் "உள்ளூர்ப் பையன் வருவதில்லை" என்று சொல்லும்போது அந்த உள்ளூர்ப் பையன்களில் ஒருவன் என் வீட்டில் வளர்ந்தவன்.

மகள் பி.காம். கேட்காமலே வந்து உட்கார்ந்தாள். ஈ.எஸ்.ஐ. பதிவு, இரண்டு ஷிப்ட், தோசைக்கல்லில் பெண்கள், எல்லாம் அவள் செய்தது. மேலே "நான் செய்தேன்" என்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு பார்வை பார்த்தாள். செவ்வாய் விடுமுறையும் அவள் வைத்ததுதான். முதல் மூன்று செவ்வாயும் பழக்க தோஷத்தில் விடிகாலை நாலரைக்கு எழுந்து போய், பூட்டிய ஷட்டருக்கு முன்னால் பால் கேனை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தேன். நாலாவது செவ்வாய் எதிர்க்கடை டீ மாஸ்டர், "இன்னிக்கு நம்ம கடையில குடிங்கண்ணே" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.